ஆளுக்கு ஒரு பூ

ஏழு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சதாபிஷேகம் செய்தோம். மண்டபம், நாதஸ்வரம், இலை போட்டுச் சாப்பாடு, தாம்பூலப் பை என்று எதிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். ஈஸிசேரில் சாய்ந்துகொண்ட அப்பா என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, பேரன் பேத்திங்க எல்லாரும் வந்திருந்தாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. வந்திருந்தார்களே! ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். ஆல்பத்தைப் பிரித்தால் எல்லா முகமும் இருக்கிறது.

ஆனால் யார் எங்கே இருந்தோம்? சின்னப் பிள்ளைகள் மாடி அறையில் ஏசி போட்டுக்கொண்டு டேப்லெட்டோடு. கல்லூரிப் பிள்ளைகள் கார் நிறுத்தும் இடத்தில் செல்போனோடு. என்னைப் போன்ற நடு வயதுக்காரர்கள் சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டு. பெரியவர்கள் முன்வரிசை நாற்காலியில், பேச ஆளில்லாமல். நாலு தலைமுறையும் சேர்ந்திருந்தது போட்டோவுக்காக நின்ற அந்த இரண்டு நிமிஷம்தான்.

அப்பா இப்போது இல்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. சென்ற வருஷம் அதற்கு ஒரு பதில் கிடைத்தது, அதுவும் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஓர் இடத்தில்.

பக்கத்து வீட்டு அழைப்பு

மகள் வீட்டுக்கு ஆறு மாசம் போயிருந்தேன். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் 76 வயது அம்மாள், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜூன் மாதத்தில் ஒரு நாள் வேலியோரம் நின்று கூப்பிட்டார். “ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பூ விழா. நீங்களும் பேத்தியும் வாருங்கள். ஆளுக்கு ஒரு பூ கொண்டு வந்தால் போதும்.”

சர்ச் என்றதும் கொஞ்சம் தயங்கினேன். மகள் சிரித்தாள். “யூனிட்டேரியன்காரங்கம்மா. மதம் மாத்த மாட்டாங்க. நீ சும்மா போயிட்டு வா.”

யூனிட்டேரியன் என்பது கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த ஒரு வழி. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்றாகச் சொல்லாமல் கடவுள் ஒருவரே என்று சொன்னவர்கள். ஐரோப்பாவில் 16-ம் நூற்றாண்டிலேயே தோன்றியவர்கள். அமெரிக்காவில் 1961-ல் யுனிவர்சலிஸ்ட் என்ற இன்னொரு பிரிவோடு ஒன்று சேர்ந்தார்கள். இதைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் இன்று அவர்கள் கட்டாயப்படுத்துவதில்லை. கிறிஸ்தவர், யூதர், பௌத்தர், கடவுளே இல்லை என்பவர் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்காருகிறார்கள்.

போகிற வழியில் அந்த அம்மாள் கேட்டார்: “நீங்கள் மெட்ராஸ்தானே? உங்கள் ஊரில் எங்களுக்கு ரொம்பப் பழைய சபை இருக்கிறதே, தெரியாதா?”

எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி தேடிப் பார்த்து அசந்துபோனேன். திருவேங்கடம் என்று பெயர் கொண்ட ஒரு தமிழர் வேலைக்காரராக இங்கிலாந்து போனார். அங்கே யூனிட்டேரியன் புத்தகங்களைப் படித்து மனம் பறிகொடுத்தார். வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரோடு ஊர் திரும்பி, 1795-ல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கித் தமிழிலேயே வழிபாடு நடத்தினார். அமெரிக்காவில் யூனிட்டேரியன் சங்கம் தொடங்கியது 1825-ல். அதற்கு 30 வருஷம் முந்திக்கொண்டிருக்கிறார் நம்மவர்! அவர்கள் கோயில் இருப்பது புரசைவாக்கம் பக்கம். அந்தப் பக்கம் எத்தனை தடவை புடவை எடுக்கப் போயிருக்கிறேன்!

சரி, பூவுக்கு வருவோம்.

களைப் பூவுக்கும் இடம் உண்டு

பேத்திக்கு ஆறு வயது. நான் மகள் தோட்டத்திலிருந்து ஒரு ரோஜாவை வெட்டிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கவே இல்லை. புல்தரையில் மஞ்சளாகப் பூத்திருந்த டேன்டலியனைப் பறித்துக்கொண்டாள். அங்கே அது களை. மருந்தடித்துக் கொல்வார்கள். “இதைப் போய் யாராவது கொண்டு போவாங்களா, போடு கீழே” என்றேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தமிழ் புரியாது, ஆனால் என் முகம் புரிந்துவிட்டது. “அது அவள் பூ. அதுதான் வர வேண்டும்” என்றார்.

வாசலில் பெரிய ஜாடிகள் வைத்திருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் தன் பூவை அதில் வைக்க வேண்டும். கடைப் பூ, தோட்டத்துப் பூ, ஓரத்தில் முளைத்த பூ எல்லாம் ஒரே ஜாடியில். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் வைத்தார்கள். ஒரு சிறுமி, பெரியவர் ஒருவர் துணையோடு, கிண்ணம் போன்ற விளக்கை ஏற்றினாள். பாட்டு, ஒரு கதை, ஐந்து நிமிஷப் பேச்சு. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய், தான் கொண்டு வராத வேறொரு பூவை எடுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் விழா. சக்கர நாற்காலியில் இருந்தவர்களிடம் பிள்ளைகளே ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா ஜாடியை உற்று உற்றுப் பார்த்தார். ரோஜாவை விட்டார், லில்லியை விட்டார். அந்த மஞ்சள் களைப் பூவை எடுத்துக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டார். என் பேத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்: “பாட்டி, பாட்டி, என் பூ!” கூட்டம் முடிகிற வரைக்கும் அவள் பார்வை அந்தத் தாத்தாவை விட்டு நகரவில்லை. அவரும் அதைக் கவனித்துவிட்டார். காபி நேரத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள்.

இந்த விழாவுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு. இதை உண்டாக்கியவர் பிராக் நகரத்தில் யூனிட்டேரியன் போதகராக இருந்த நார்பெர்ட் சாபெக். அவர் சபைக்கு வந்தவர்களில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், யூதர் என்று பல வழியில் பிறந்தவர்கள் இருந்தார்கள். அப்பமும் திராட்சை ரசமும் வைத்துச் சடங்கு செய்தால் சிலர் மனம் ஒட்டாது. யாருக்கும் அந்நியமாகத் தோன்றாத பொருள் எது என்று யோசித்தவருக்குப் பூ அகப்பட்டது. 1923 ஜூன் 24-ல் முதல் பூ விழா நடந்தது. 1940-ல் அவர் மனைவி மாயா அமெரிக்காவுக்கு இதைக் கொண்டு வந்தார். பிராகிலேயே தங்கிவிட்ட சாபெக்கை 1941-ல் நாஜிகளின் ரகசிய போலீஸ் கைது செய்தது. டாக்காவ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்ட அவர் 1942-ல் கொல்லப்பட்டார். மனிதரை இனம் பிரித்துக் கொன்றவர்களின் காலத்தில், எந்தப் பூவும் வேண்டாத பூ இல்லை என்று சொன்ன விழா இது. என் பேத்தியின் களைப் பூவை அந்த அம்மாள் ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சத்தம் போட்டால் என்ன?

கூட்டத்தின் நடுவே இரண்டு வயது வாண்டு ஒன்று ஓடியது. ஒரு குழந்தை வீறிட்டது. திரும்பி முறைத்தவர் யாரும் இல்லை.

குழந்தைகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். ஜமக்காளம், குட்டி மேஜை, கலர் பென்சில், பால் கொடுக்கும் தாய்க்கு ஓர் ஆடும் நாற்காலி. அது கூடத்தின் பின்னால் இல்லை, முன்னால் இருந்தது. யோசித்தால் நியாயம்தான். பின்னால் உட்கார வைத்தால் குழந்தைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும். முன்னால் உட்கார்ந்தால் விளக்கு தெரியும், பாடுகிறவர் வாய் தெரியும். வேடிக்கை பார்க்கிற குழந்தை பாதி நேரம் சும்மா இருக்கும்.

பெரியவர்களையும் மறக்கவில்லை. பாட்டுத் தாள் பெரிய எழுத்தில். காது மந்தமானவர்களுக்குக் கேட்கும் கருவி. “என் குரலுக்கு மைக் வேண்டாம்” என்று எழுந்தவரிடம்கூட மைக்கைக் கையில் கொடுத்தார்கள், ஏனென்றால் மைக்கில் பேசினால்தான் அந்தக் கருவியில் கேட்கும். பாட்டுகளில் இரண்டு வரி திரும்பத் திரும்ப வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் கண் மங்கிய பாட்டியும் மூன்றாவது தடவையில் சேர்ந்து பாடினார்கள்.

எல்லா வாரமும் இப்படியா என்று கேட்டேன். இல்லையாம். மற்ற வாரங்களில் முதல் கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்திருப்பார்கள். கதை முடிந்ததும் பெரியவர்கள் பாடி அனுப்ப, பிள்ளைகள் தங்கள் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அந்த வகுப்புகள் மட்டமானவையும் அல்ல. சோஃபியா லயன் ஃபாஸ் என்ற அம்மையார் 1937 முதல் அமெரிக்க யூனிட்டேரியன்களின் குழந்தைப் பாடநூல்களை மாற்றி அமைத்தார். மனப்பாடத்தைத் தள்ளிவிட்டு, குழந்தையின் சொந்தக் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். 82-வது வயதில் போதகராகவும் ஆனார். அவர் போட்ட அடித்தளம் பெரியது.

ஆனால் நல்ல வகுப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டு அம்மாள் தன் கதையாகவே சொன்னார்.

“என் மூன்று பிள்ளைகளும் அந்த வகுப்பில்தான் வளர்ந்தார்கள். ரொம்பப் பிடிக்கும். பதினெட்டு வயது ஆனதும், இனி பெரிய கூடத்துக்கு வாருங்கள் என்று சொன்னோம். அந்தக் கூடத்தில் அவர்களுக்கு யாரைத் தெரியும்? எந்தப் பாட்டு தெரியும்? ஒருத்தரும் வரவில்லை. அவர்களை நாங்கள் தொலைக்கவில்லை. தனி அறை கொடுத்து, நாங்களே அனுப்பி வைத்தோம்.”

மாடி அறை, ஏசி, டேப்லெட் எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன.

அந்தச் சபையிலும் எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. “வாரம் முழுக்க இரைச்சல். இங்கேயாவது அமைதி வேண்டும் என்று வருகிறேன்” என்று ஒரு பெரியவர் என் காதுபடவே குறைப்பட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தானே? அதனால்தான் முழுக்க முழுக்க எல்லா வயதினரும் சேரும் கூட்டத்தை வருஷத்தில் சில முறை மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் குழந்தைகள் கொஞ்சம் அடங்க வேண்டும், பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம்.

மீனுக்கும் ஒரு மெழுகுவத்தி

அதன் பிறகு இன்னும் சில ஞாயிறுகளில் போனேன். அங்கே என்னைக் கலங்க வைத்த ஒரு வழக்கம் உண்டு. மனதில் சந்தோஷமோ துக்கமோ இருப்பவர்கள் முன்னால் வந்து, ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ஒரு சின்ன மெழுகுவத்தியை ஏற்றலாம்.

ஒரு நாள் எட்டு வயதுப் பையன் வந்தான். “எங்கள் மீன் செத்துப்போச்சு.” ஏற்றினான், போய்விட்டான். அடுத்து ஒரு முதியவர். “என் மனைவி போய் இன்றோடு ஒரு வருஷம்.” அந்த மெழுகுவத்தியைப் பையனுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மீனெல்லாம் ஒரு துக்கமா என்று ஒருவர் முகத்திலும் தெரியவில்லை. நம் வீட்டில் என்ன சொல்லியிருப்போம்? “சரி சரி, வேற மீன் வாங்கித் தரேன், பெரியவங்க பேசட்டும்.” இல்லையா? அந்தப் பையன் அன்று ஒன்று கற்றுக்கொண்டிருப்பான். துக்கம் வந்தால் நாலு பேருக்கு நடுவில் சொல்லலாம், பெரியவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதை எந்த வகுப்பில் தனியாகச் சொல்லிக்கொடுக்க முடியும்?

குழாய்த் தண்ணீர்

நான் கிளம்புவதற்கு முன், செப்டம்பரில், தண்ணீர் விழா. கோடை விடுமுறை முடிந்து எல்லாரும் திரும்பி வரும் சமயம். ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வந்து ஒரே பாத்திரத்தில் ஊற்றுகிறார்கள். 1980-ல் மிச்சிகன் மாநிலத்தின் ஈஸ்ட் லான்சிங் நகரில், யூனிட்டேரியன் பெண்கள் கூடிய ஒரு மாநாட்டில் இது பிறந்தது. கரோலின் மெக்டேட், லூசில் லாங்வியூ என்ற இரண்டு பெண்கள் உருவாக்கியது.

இதிலும் ஒரு வில்லங்கம் முளைத்ததாம். நாளடைவில் பல சபைகளில் இது ‘நாங்கள் எங்கே டூர் போனோம்’ என்று சொல்லிக்கொள்ளும் மேடையாகிவிட்டது. இது ஹவாய்க் கடல், இது ஐரோப்பா நதி என்று ஊற்றும்போது, எங்கேயும் போக முடியாதவர்கள் கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பார்கள். வாடகைக்கே திண்டாடும் குடும்பத்துப் பிள்ளை எதைக் கொண்டுவந்து ஊற்றும்?

நான் போன சபையில் அதைத் திருத்திவிட்டார்கள். ஊர்ப் பெயர் சொல்ல வேண்டாம். வீட்டுக் குழாய்த் தண்ணீர் போதும். இந்தக் கோடையில் உங்களைத் தாங்கியது எது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். என் முறை வந்தபோது என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்: “இது மகள் வீட்டுச் சமையல்கட்டுத் தண்ணீர். இதில்தான் பேத்திக்கு ரசம் வைத்தேன்.” எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர்.

நான் எடுத்து வந்தது

விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். அங்கே எல்லா வயதினரும் சேர்ந்தது எப்படி? விளையாட்டுக்காரர், மேஜிக் ஷோ, டிஜே எதுவும் இல்லை. எனக்குப் புரிந்தவை இவ்வளவுதான்:

ஒவ்வொருவரும் கையில் ஏதாவது கொண்டு வர வேண்டும். வெறும் கையோடு வருபவர் விருந்தாளி, கொண்டு வருபவர் வீட்டு மனிதர்.

கொண்டு வரும் பொருளுக்குக் காசு செலவாகக் கூடாது. செலவானால் போட்டி வந்துவிடும்.

நாலு வயதும் எண்பது வயதும் ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும். குழந்தைகளை ஆட விட்டுப் பெரியவர்கள் கைதட்டுவது சேர்வது ஆகாது. அது வேடிக்கை பார்ப்பது.

அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் குழந்தைக்கும் தாங்காது, பெரியவர்களின் முதுகுக்கும் தாங்காது.

அம்மாவின் பிறந்தநாள்

ஊருக்கு வந்த கையோடு அம்மாவின் 82-வது பிறந்தநாள். தம்பி வீட்டில் முப்பது பேர் கூடினோம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே போட்டுவிட்டேன்: ‘ஆளுக்கு ஒரு பூ. கடையில் வாங்கக் கூடாது.’ “அமெரிக்கா போய்ட்டு வந்து அக்கா ஆரம்பிச்சுட்டா” என்று தம்பி பதில் போட்டான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு வாக்கியம் என்று சொல்லியும், ஒரு மாமா இருபது நிமிஷம் பேசினார். ஒரு வாண்டு எதிர்வீட்டுச் செம்பருத்தியைக் கேட்காமல் பறித்து வந்து, நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. தம்பி மகன், பதினைந்து வயது, பூவும் கொண்டு வரவில்லை. மாடிப்படியில் செல்போனோடு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குச் சதாபிஷேகத்தில் டேப்லெட்டோடு மாடி அறையில் இருந்தவர்களில் இவனும் ஒருவன். இவனை அங்கே அனுப்பியதே நான்தான்.

நான் அதட்டப் போனேன். அம்மா கண்ணால் தடுத்தாள். நாலு வயதுக் குட்டியிடம் பூச்சொம்பைக் கொடுத்து, “அண்ணாகிட்ட கொண்டு போ” என்றாள். இரண்டு கையாலும் சொம்பைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தளும்பத் தளும்ப அது படியேறிப் போனது. யாரால் மறுக்க முடியும்? அவன் கையை விட்டு ஒரு பூவை எடுத்தான். முகர்ந்து பார்த்தான்.

“இது என்ன பூ அத்தை?”

செண்பகம். கும்பகோணத்தில் பழைய வீட்டில் இருக்கும் சித்தப்பா, வாழை மட்டையில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்தது. கூடத்திலிருந்து சித்தப்பாவே குரல் கொடுத்தார்: “அது உங்க தாத்தா முதல் சம்பளத்துல வாங்கி வச்ச மரம்டா.”

அவன் இறங்கி வந்தான். சித்தப்பா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். செல்போன் கையில்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அதில் அந்த மரத்தின் போட்டோவைச் சித்தப்பா அவனுக்குத் தேடிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். யாரெல்லாம் வந்தார்கள் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. அவளே சொல்ல ஆரம்பித்தாள். யார் நந்தியாவட்டை, யார் அரளி, யார் துளசிக் கொத்து, யார் வீட்டில் பூவே இல்லாமல் முருங்கைப் பூ கொண்டு வந்தார்கள் என்று விரல் விட்டு எண்ணினாள். முப்பது பேரில் இருபத்தெட்டுப் பேரைச் சரியாகச் சொன்னாள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் நாலு தலைமுறை கூடும்போது, சாப்பாட்டு லிஸ்ட்டோடு இதையும் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். பூதான் என்றில்லை, எதுவாகவும் இருக்கட்டும். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள். சொதப்பினால் அதையும் எழுதுங்கள்.